ஆடி தேய்த்த இசைவாணர்

மனிதன் வானத்தை அண்ணாந்து பார்க்கத் தொடங்கிய நாள் முதல் 1781ஆம் ஆண்டு வரை, புதன், வெள்ளி, செவ்வாய், வியாழன், சனி என்னும் ஐந்து கோள்களே வானில் உலவுவன என்று உலகம் நம்பியிருந்தது. பாபிலோனியர் எண்ணியதும் ஐந்து. கிரேக்கர் எண்ணியதும் ஐந்து. நம் கோயில்களில் நாம் வலம் வரும் நவக்கிரகங்களில் ஞாயிறு, திங்கள், இராகு, கேது ஆகிய நான்கை நீக்கினால் எஞ்சுவனவும் அதே ஐந்துதாம். இந்தக் கணக்கை மாற்றியவர் வானியல் பேராசிரியர் அல்லர். அரசாங்க வானாய்வு நிலையத்தில் ஊதியம் பெற்றவரும் அல்லர். இங்கிலாந்தில் பாத் என்னும் ஊரில் தேவாலயத்தில் ஆர்கன் வாசித்து, செல்வர் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுத்து வாழ்ந்த ஒரு பாட்டு வாத்தியார் அவர். வில்லியம் ஹெர்ஷல் என்பது பெயர்.

இயற்பியல் பயிலும் நான் அவரைப் பற்றி எழுதுவதற்குக் காரணம் உண்டு. நம் கல்லூரியில் அறிவியல் மாணவர் ஒரு கட்டடம், கலை மாணவர் ஒரு கட்டடம் என்று பிரிந்திருக்கிறோம். ஆய்வுக்கூடத்தில் கருவி போதவில்லை என்றால் ஆய்வும் இல்லை என்று கைகட்டி நிற்கிறோம். ஹெர்ஷலின் வாழ்க்கையைப் படித்தபோது இந்த இரண்டு பழக்கங்களுமே எனக்கு உறுத்தின. அவருடைய கதையில் அவர் ஒருவர் மட்டும் இல்லை என்பதும், அவருக்குப் பின்னால் ஒரு பெண் விடியவிடிய எழுதிக்கொண்டிருந்தார் என்பதும் பிறகுதான் தெரிந்தது. ஆகவே இது இருவர் கதை.

ஹெர்ஷல் 1738ஆம் ஆண்டு நவம்பர் 15ஆம் நாள் ஜெர்மானிய நாட்டின் ஹனோவர் நகரில் பிறந்தார். தந்தை ஐசக், படைப்பிரிவின் இசைக்குழுவில் ஓபோ வாசித்தவர். ஓபோ என்பது நம் நாகசுரத்தைப் போலச் சீவாளி வைத்து ஊதும் ஒரு குழல். பிள்ளைகளுக்கு இசையும் கற்பித்து, இரவில் விண்மீன்களையும் காட்டி வளர்த்தவர் அந்தத் தந்தை. பதினான்கு வயதில் வில்லியமும் அதே இசைக்குழுவில் சேர்ந்தார். 1757இல் பிரெஞ்சுப் படை ஹனோவரை வென்றது. இளைஞனான மகனை ஊரைவிட்டுப் போய்விடும்படி தந்தையே அனுப்பி வைத்தார். கையில் காசில்லாமல் இங்கிலாந்து சேர்ந்த வில்லியம், பிறருடைய இசைக் குறிப்புகளைப் படியெடுத்துக் கொடுத்து வயிறு வளர்த்தார். ஊர் ஊராக அலைந்து, 1766இல் பாத் நகரின் ஆக்டகன் தேவாலயத்தில் ஆர்கன் வாசிக்கும் பணியை அடைந்தார். பாத் அக்காலத்தில் வெந்நீர் ஊற்றுக்குப் பெயர் பெற்ற ஊர். செல்வர் வந்து தங்கும் ஊர். பணத்துக்குக் குறைவில்லை. வாரத்தில் முப்பதுக்கு மேற்பட்ட மாணவர், கச்சேரிகள், தாமே இயற்றிய இருபத்து நான்கு சிம்பொனிகள் என்று வாழ்க்கை நன்றாகவே நடந்தது.

பிறகு எப்படி வானம் வந்தது? இசை வழியாகத்தான் வந்தது! இராபர்ட் ஸ்மித் என்பவர் சுரங்களின் கணக்கைப் பற்றி எழுதிய நூலை ஹெர்ஷல் படித்தார். அதே ஆசிரியர் ஒளியியலைப் பற்றியும் ஒரு நூல் எழுதியிருந்தார். அதைப் பிரித்தவர், தொலைநோக்கி செய்யும் முறையை விளக்கும் பக்கங்களில் சிக்கிக்கொண்டார். நூலகத்தில் ஒரு புத்தகத்தைத் தேடப்போய்ப் பக்கத்துப் புத்தகத்தில் அகப்பட்டுக்கொள்ளும் அனுபவம் நம்மில் பலருக்கு உண்டு. அவருக்கு அதிலிருந்து கடைசி வரை விடுதலை கிடைக்கவில்லை.

1773இல் வில்லைகளை வாங்கி நீண்ட அட்டைக் குழாய்களில் பொருத்திப் பார்த்தார். நானும் கடையில் வாங்கிய இரண்டு வில்லைகளை அட்டைக் குழாயில் பொருத்தி வியாழனின் துணைக்கோள்களைப் பார்த்திருக்கிறேன்; நான்கு புள்ளிகள் தெரிந்தன. ஆனால் எதைப் பார்த்தாலும் அதன் ஓரத்தில் நீலமும் சிவப்புமாக ஒரு கரை ஒட்டிக்கொண்டிருந்தது. தனி வில்லையின் குணம் அது. அதைக் குறைக்க அக்காலத்தவர் குழாயை நீட்டிக்கொண்டே போனார்கள்; குழாயோ வளைந்து தொங்கியது. ஆகவே ஹெர்ஷல் வில்லையைக் கைவிட்டு, நியூட்டன் காட்டிய வழியில் குழியாடிக்குத் திரும்பினார். ஆடியில் வண்ணக் கரை விழுவதில்லை.

நல்ல ஆடிக்கு அவர் கையில் இருந்த பணம் போதவில்லை. பாத் நகரில் ஆடி தேய்ப்பதைப் பொழுதுபோக்காகச் செய்து சலித்துப்போன ஒருவரிடம் தேய்கருவிகளையும் அரைகுறை ஆடிகளையும் விலைக்கு வாங்கினார். அக்காலத்துத் தொலைநோக்கி ஆடி கண்ணாடியால் ஆனதன்று. செம்பும் வெள்ளீயமும் கலந்து வார்த்த வெண்ணிற உலோகம். கேரளத்தில் ஆரன்முளைக் கண்ணாடி என்று பெயர் பெற்ற உலோகக் கண்ணாடியும் இவ்வினத்தைச் சேர்ந்ததுதான். இரும்பைப் போல் கடினமாக இருக்கும். ஆனால் தட்டினால் பீங்கான் போல் உடையும். அதைக் குழியாகத் தேய்த்து, பிறகு மெருகிட வேண்டும். மெருகின் கடைசிக் கட்டத்தில் கையை எடுக்கக் கூடாது. எடுத்தால் பரப்பின் வடிவம் கெட்டுவிடும். ஒரு முறை ஹெர்ஷல் பதினாறு மணி நேரம் கையை எடுக்காமல் மெருகிட்டார். இசைக் கச்சேரிக்கு உடுத்திய சரிகைக் கைமடிப்புகள் கிழிந்தும், கீல் அப்பியும் போயின.

அந்தப் பதினாறு மணி நேரமும் அவர் வாயில் உணவைத் துண்டு துண்டாக ஊட்டியவர், தூக்கம் வராமலிருக்க டான் குவிக்ஸாட் கதையையும் அராபிய இரவுக் கதைகளையும் படித்துக் காட்டியவர், அவருடைய தங்கை கரோலின்.

கரோலின் அம்மையார் 1750இல் பிறந்தவர். பத்து வயதில் கண்ட விஷக் காய்ச்சலால் வளர்ச்சி நின்று, நாலே கால் அடிக்குச் சற்று மேலான உயரத்தோடு இருந்துவிட்டார். இவளுக்கு எங்கே திருமணம் ஆகப்போகிறது, வீட்டு வேலைக்காவது உதவட்டும் என்று தாய் தீர்மானித்தார். எழுதப் படிக்கத் தெரிந்தால் போதும் என்று மேற்கொண்டு படிக்க விடவில்லை. 1772இல் வில்லியம் ஹனோவருக்கு வந்து தங்கையைத் தம்முடன் அனுப்பும்படி கேட்டார். வேலைக்காரி ஒருத்தியை வைத்துக்கொள்ள ஆண்டுதோறும் பணம் அனுப்புவதாக ஒப்புக்கொண்ட பிறகே தாய் விடை கொடுத்தார். இதைப் படித்தபோது எனக்கு இது வேற்று நாட்டுக் கதையாகத் தோன்றவில்லை.

பாத் நகரில் அண்ணன் தங்கைக்குப் பாட்டும், ஆங்கிலமும், கணக்கும் கற்பித்தார். சில ஆண்டுகளில் கரோலின் மேடையில் முதன்மைப் பாடகி ஆனார். 1778இல் பர்மிங்காம் நகரத்து இசைவிழாவில் பாட அழைப்பு வந்தது. அண்ணன் நடத்தும் கச்சேரியைத் தவிர வேறெங்கும் பாடுவதில்லை என்று மறுத்துவிட்டார். தம் பெயரால் தாமே நிற்கக் கிடைத்த முதல் வாய்ப்பு அது. ஏற்றிருக்கலாம் என்பது என் எண்ணம். ஏற்றிருந்தால் இந்தக் கட்டுரைக்கே இடமிருந்திருக்காது என்பதும் உண்மை.

வீடு பட்டறையாயிற்று. வரவேற்பறையில் தச்சன் குழாய் செய்தான்; மற்றோர் அறையில் தம்பி அலெக்சாண்டர் கடைசல் எந்திரத்தைச் சுழற்றினார். 1781 ஆகஸ்டு மாதம் மூன்றடி அகல ஆடியை வீட்டின் கீழ்த்தளத்திலேயே வார்க்க முயன்றார்கள். அச்சுக்குக் களிமண்ணோடு குதிரைச் சாணத்தை இடித்துச் சலித்துக் கலக்க வேண்டும். கரோலின் சல்லடை சல்லடையாகச் சலித்தார். பார்க்க வந்த நண்பரான வாட்சன் என்னும் மருத்துவரும் உலக்கை பிடித்தார். ஆனால் உருகிய உலோகம் வழிந்து தரையில் ஓடியது. தளக்கற்கள் வெடித்துக் கூரை வரை பறந்தன. வேலையாட்களும் அலெக்சாண்டரும் ஓடித் தப்பினர். வில்லியம் களைப்பால் செங்கல் குவியலின் மேல் சாய்ந்துவிட்டார். நம் ஆய்வுக்கூடத்தில் ஒரு குடுவை உடைந்தால் எழும் கூச்சல் நினைவுக்கு வந்தது.

இந்த விபத்துக்குச் சில மாதங்களுக்கு முன்பே அந்தப் புகழ்பெற்ற இரவு வந்துவிட்டது. 1781 மார்ச்சு 13. ஏழடிக் குழாயும் ஆறே கால் அங்குலத்துக்குச் சற்றுக் குறைந்த ஆடியும் கொண்ட தொலைநோக்கியால், தோட்டத்தில் நின்று, இரவு பத்துக்கும் பதினொன்றுக்கும் இடையில், அவர் விண்மீன்களை ஒன்றன்பின் ஒன்றாகத் தணிக்கை செய்துகொண்டிருந்தார். தணிக்கை என்ற சொல்லை வேண்டுமென்றே எழுதுகிறேன். ஏதேனும் அகப்படுமா என்று அவர் துழாவவில்லை. ஒரு குறிப்பிட்ட ஒளிக்கு மேற்பட்ட விண்மீன் ஒவ்வொன்றும் தனியா இரட்டையா என்று வரிசையாகப் பார்த்து வந்தார். ரிஷப, மிதுன மண்டலங்களுக்கு இடையே ஒரு புள்ளி மற்றவற்றைவிடப் பெரிதாகத் தெரிந்தது. உருப்பெருக்கத்தை 227இலிருந்து 460க்கும் 932க்கும் உயர்த்தினார். விண்மீன் எத்தனை பெருக்கினாலும் அதே விகிதத்தில் பெருகாது, இதுவோ பெருகியது. ஆகவே அது வட்டத்தட்டு, விண்மீன் அன்று. நான்கு நாள் கழித்துப் பார்த்தார், இடம் மாறியிருந்தது.

வால்மீன் என்றுதான் அவர் அறிவித்தார். புதிய கோள் ஒன்று இருக்கக்கூடும் என்று எவருமே நினைக்காத காலம் அது. ஆனால் வாலும் இல்லை, புகைப்படலமும் இல்லை. லெக்செல் முதலிய கணித வல்லுநர் பாதையைக் கணக்கிட்டபோது, சனிக்கு அப்பால், சனியைப்போல் இருமடங்கு தொலைவில், ஏறத்தாழ வட்டமாகச் சுற்றும் கோள் அது என்று தெரிந்தது. ஹெர்ஷல் அதற்கு மன்னர் மூன்றாம் ஜார்ஜின் பெயரைச் சூட்டினார். இங்கிலாந்துக்கு வெளியே அந்தப் பெயரை எவரும் விரும்பவில்லை. ஜெர்மானிய வானியலாளர் போடே சொன்ன யுரேனஸ் என்னும் பெயரே நிலைத்தது.

இதில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி வேறு. அந்தக் கோளை ஹெர்ஷலுக்கு முன்பே பலர் பார்த்திருக்கிறார்கள்! இங்கிலாந்தின் அரச வானியலாளர் பிளாம்ஸ்டீட் 1690இலேயே அதைக் கண்டு, ரிஷப மண்டலத்தின் 34ஆம் விண்மீன் என்று பட்டியலில் எழுதி வைத்தார். பிரான்சு நாட்டு லெமோனியர் பலமுறை கண்டு குறித்திருக்கிறார். அவர்களிடம் பதவி இருந்தது, கருவி இருந்தது. ஆனால் புள்ளியைத் தட்டாகக் காட்டும் கூர்மை அந்தக் கருவிகளில் இல்லை. ஹெர்ஷல் சொன்ன உருப்பெருக்கங்களை முதலில் பலர் நம்பவில்லை; பாட்டு வாத்தியாரின் பெருமிதம் என்று நினைத்தார்கள். 1782இல் அவருடைய தொலைநோக்கியைக் கிரீனிச்சுக்குக் கொண்டுபோய் அங்கிருந்தவற்றோடு ஒப்பிட்டபோதுதான், வீட்டில் தேய்த்த ஆடி அரசாங்கக் கருவிகளை வென்றுவிட்டது என்று அரச வானியலாளர் மாஸ்கலைன் ஏற்றுக்கொண்டார்.

மன்னர் ஆண்டுக்கு 200 பவுன் மானியம் அளித்தார். இசையில் கிடைத்ததைவிட அது குறைவு. எனினும் ஹெர்ஷல் ஆர்கனை மூடிவிட்டு, விண்ட்சர் அரண்மனைக்கு அருகே குடிபெயர்ந்தார். கரோலினின் பாட்டும் அன்றோடு முடிந்தது. அவரை எவரும் கேட்டதாகத் தெரியவில்லை.

வருமானத்தை ஈடுகட்ட ஹெர்ஷல் தொலைநோக்கிகள் செய்து விற்றார். அவர் வார்த்துத் தேய்த்த ஆடிகள் நானூறுக்கு மேல். ஆனால் இரவுகள் வானத்துக்கே. இருபதடித் தொலைநோக்கியின் மேடை மீது அண்ணன் நின்று கண்டதைக் கூவுவார். கீழே சன்னலருகே மெழுகுவர்த்தி ஒளியில் தங்கை கடிகாரம் பார்த்து, நேரமும் இடமும் குறிப்பார். மையும் உறையும் குளிர். 1783ஆம் ஆண்டின் கடைசி இரவில், பனியில் ஓடிய கரோலின் இரும்புக் கொக்கி ஒன்றில் விழுந்தார்; தொடைச் சதை கொக்கியோடு போயிற்று. காயம் ஆறும் முன்பே திரும்பி வந்து எழுதினார். இப்படி இருபது ஆண்டுகளில் இருவரும் சேர்ந்து திரட்டிய நெபுலாக்களும் விண்மீன் கொத்துகளும் 2500. அதற்கு முன் மெஸ்ஸியரின் புகழ்பெற்ற பட்டியலில் இருந்தவை ஏறக்குறைய நூறே.

1786 ஆகஸ்டு முதல் நாள், அண்ணன் வெளிநாடு சென்றிருந்தபோது, கரோலின் சிறு தொலைநோக்கியால் ஒரு வால்மீனைக் கண்டுபிடித்தார். 1797க்குள் இவ்வாறு எட்டு வால்மீன்கள். 1787இல் மன்னர் அவருக்கு ஆண்டுக்கு 50 பவுன் ஊதியம் அளித்தார். இங்கிலாந்தில் அறிவியல் பணிக்காக ஊதியம் பெற்ற முதல் பெண் அவரே. தம் கைக்கென்று வந்த முதல் பணத்தை முப்பத்தேழு வயதில் பெற்றார்.

நாற்பதடி நீளத் தொலைநோக்கியைப் பற்றி நூல்கள் பக்கம் பக்கமாக எழுதுகின்றன. நான்கடி அகல ஆடி, மன்னர் தந்த 4000 பவுன், குழாய்க்குள் நடந்து பார்த்த பிரமுகர்கள்! 1789இல் சனியின் இரண்டு துணைக்கோள்களை அடையாளம் காண அது உதவியது. ஆனால் ஆடி அடிக்கடி மங்கியது, திருப்புவதும் பெரும்பாடு. பெரும்பாலான வேலையை ஹெர்ஷல் இருபதடிக் கருவியிலேயே செய்தார். பெரிது என்பதற்காகவே ஒன்று நல்லதாகிவிடாது போலும்.

மாறாக, 1800இல் ஒரு முப்பட்டகமும் சில வெப்பமானிகளும் கொண்டு அவர் செய்த ஆய்வைப் பாருங்கள். சூரியனைப் பார்க்க வண்ணக் கண்ணாடிகளைப் பயன்படுத்தியபோது, சிலவற்றில் ஒளி குறைவாகவும் வெப்பம் மிகுதியாகவும் வருவதை உணர்ந்தார். அப்படியானால் ஒவ்வொரு நிறத்துக்கும் வெப்பம் வேறுபடுமோ? சூரிய ஒளியை முப்பட்டகத்தால் பிரித்து, கருமை பூசிய குமிழுடைய வெப்பமானியை ஒவ்வொரு நிறத்திலும் வைத்தார். பக்கத்தில் நிழலில் ஒப்பீட்டுக்கு வேறு வெப்பமானிகள். ஊதாவில் 2 டிகிரி, பச்சையில் மூன்றே கால், சிவப்பில் ஏறக்குறைய 7 டிகிரி பாரன்ஹீட் உயர்ந்தது. பிறகு அவர் செய்ததுதான் மேதைமை: சிவப்பைத் தாண்டி, எந்த நிறமும் விழாத வெறும் இடத்தில் வெப்பமானியை வைத்தார். அங்கே வெப்பம் இன்னும் மிகுந்தது. கண்ணுக்குத் தெரியாத ஒளி உண்டு என்று மனிதன் அறிந்தது அன்றுதான். இன்று நாம் அகச்சிவப்புக் கதிர் என்கிறோம். தொலைக்காட்சி ரிமோட்டிலிருந்து புறப்படுவது அதுவே. 2009இல் அகச்சிவப்பு வானைக் காண ஐரோப்பியர் அனுப்பிய விண்வெளித் தொலைநோக்கிக்கு ஹெர்ஷலின் பெயரையே வைத்தார்கள். அவர் பயன்படுத்திய அத்தனை பொருள்களும் நம் ஆய்வுக்கூட அலமாரியில் இருக்கின்றன என்பதை நண்பர்களுக்கு நினைவூட்டுகிறேன்.

அவர் எல்லாவற்றிலும் சரியாக இருந்தார் என்று சொல்ல மாட்டேன். சூரியனின் ஒளிப் படலத்துக்கு அடியில் குளிர்ந்த நிலமும் அங்கே உயிர்களும் இருக்கும் என்று கடைசி வரை நம்பினார். சூரியப் புள்ளிகள் குறைந்தால் கோதுமை விலை ஏறும் என்று கணக்குக் காட்டி, கேட்டவர்களைச் சிரிக்க வைத்தார். ஆனால் இரட்டை விண்மீன்கள் ஒன்றையொன்று சுற்றுகின்றன என்று 1803இல் அவர் நிறுவியது நியூட்டனின் ஈர்ப்பு விதியைச் சூரிய குடும்பத்துக்கு வெளியே கொண்டு சென்றது. அந்த வழியில் பின்னர் உழைத்தவருள் நம் சென்னையில் இருந்தவரும் உண்டு. நுங்கம்பாக்கத்து வானாய்வு நிலையத்தின் ஜேக்கப் என்பவர், 1855இல் ஓர் இரட்டை விண்மீனின் சுற்றில் பிசகு கண்டு, புலப்படாத கோள் ஒன்று அங்கிருக்கலாம் என்று எழுதினார். அது பின்னர் நிலைக்கவில்லை. எனினும் துணிவான எண்ணம்.

1788இல் ஹெர்ஷல் திருமணம் செய்துகொண்டார். பதினாறு ஆண்டு நடத்திய வீட்டின் சாவியை அண்ணியிடம் கொடுத்துவிட்டு, கரோலின் வெளியே அறை எடுத்துத் தங்கினார். இரவு வேலைக்கு மட்டும் நாள்தோறும் நடந்து வந்தார். அந்த ஆண்டு முதல் 1798 வரை எழுதிய நாட்குறிப்புகளை அவரே பிற்காலத்தில் அழித்துவிட்டார். அவற்றில் என்ன இருந்திருக்கும் என்று ஊகிக்கப் பெரிய அறிவு வேண்டியதில்லை. ஆனால் அதே ஆண்டுகளில்தான் அவர் பிளாம்ஸ்டீடின் பட்டியலை வரிக்கு வரி சரிபார்த்து, விட்டுப்போன ஐந்நூற்றுக்கு மேற்பட்ட விண்மீன்களைச் சேர்த்தார். ஆறாத மனத்தோடும் அந்தக் கை பிசகவில்லை.

வில்லியம் ஹெர்ஷல் 1822 ஆகஸ்டு 25இல் மறைந்தார். வயது எண்பத்து மூன்றும் ஒன்பது மாதமும். யுரேனஸ் சூரியனை ஒரு முறை சுற்றிவர ஆகும் காலம் எண்பத்து நான்கு ஆண்டு.

அண்ணன் போன அதே ஆண்டில் எழுபத்திரண்டு வயதுக் கரோலின் ஹனோவருக்குத் திரும்பினார். உயர்ந்த கூரைகள் வானத்தை மறைத்த தெருவில், தொலைநோக்கியால் பயனில்லாமல் போயிற்று. ஆனால் தாள்கள் இருந்தன. அண்ணன் மகன் ஜான் ஹெர்ஷல் அந்த வானத்தை மறுபடி ஆராயப் புறப்பட்டிருந்தார். அவர் இரவில் எந்தப் பகுதியில் எதைத் தேட வேண்டும் என்று உடனே எடுத்துப் பார்க்கும்படி, 2500 நெபுலாக்களையும் வரிசை மாற்றிப் புதிதாக எழுதி அனுப்பினார். அதற்காக 1828இல் அரச வானியல் கழகம் தங்கப் பதக்கம் அளித்தது. 1848 ஜனவரி 9இல், தொண்ணூற்றேழு வயதில், அவர் காலமானார். அவர் விரும்பியபடியே பெட்டிக்குள் இரண்டு பொருள்களை வைத்தார்கள். ஒன்று வில்லியமின் ஒரு கற்றை முடி. மற்றொன்று, தந்தை ஐசக் பயன்படுத்திய, எழுத்துகள் மங்கிப்போன பழைய பஞ்சாங்கம்.